ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ்

ராஜாவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்த டாக்டர் அரங்கசாமி, "வெங்காயம் ஏதாச்சும் தின்னுச்சுங்களா?" என்று கேட்டார்.

நாயைப் பிடித்திருந்த பாலுசாமி பெண்டாட்டி ராமாமணியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. இரண்டு நாளாக, வைத்த சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாய். காலையில் தென்னைமரத்தடியில் அது விட்ட மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் ராமாமணி கத்தினாள். உடனே நாயைத் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு மொபெட்டின் பின்னால் ஏறிவிட்டாள். கிணத்துக்கடவு கால்நடை ஆஸ்பத்திரி வந்துசேரும் வரைக்கும் "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல்யாணமாகி நாலு மாதம்தான். அதற்கு முன்னால் அந்த நாயின் பெயர் மணி. ராமாமணி தோட்டத்து வீட்டுக்கு வந்த மறுநாளே பாலுசாமி அதை ராஜா ஆக்கிவிட்டான். பெண்டாட்டி மனம் கோணக்கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு கவனம்.

"நாய் போய் வெங்காயம் திங்குமுங்களா?" என்றாள் ராமாமணி.

"பச்சையா திங்காதுங்க. வதக்கி எதுலயாவது கலந்து வெச்சா ருசியாத் தின்னுபோடும். ஆனா நாய்க்கு அது வெசமுங்க. கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்தைக் கரைச்சுப்போடும்."

பாலுசாமி தரையைப் பார்த்தான்.

நூடுல்ஸ் என்றாலே பட்டணத்துச் சமாச்சாரம் என்றிருந்த தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. கல்யாணமான மூன்றாம் நாள், புதுப்பெண்டாட்டியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய ஓட்டலில் உட்காரவைத்தான். பீளமேட்டில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துக்காரன்தானே என்று இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. அதுவரை வாயில் வைத்தே பார்க்காத நூடுல்ஸை, தினமும் தின்கிறவன் மாதிரி ரெண்டு பிளேட் சொன்னான்.

அவனுக்கு அது மண்புழுவை முழுங்குவதுபோல இருந்தது.

அவளோ தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வீட்டில் நூடுல்ஸ். பொள்ளாச்சியிலிருந்து பாக்கெட் வரும். முட்டைக்கோசு, கேரட், பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். "காத்தாட உக்காந்து சாப்பிடறேன்" என்று தட்டோடு மோட்டார் ரூம் பக்கம் போவான். ராஜா பின்னாலேயே போகும். ஐந்து நிமிஷத்தில் காலித்தட்டோடு திரும்பி வந்து, "பிரமாதம் அம்மணி" என்பான். அவள் முகம் மலர்ந்துபோகும்.

போன வாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வெங்காயம் இன்னுங் கொஞ்சம் தூக்கலாப் போட்டுப் பாரு" என்று வேறு சொல்லிவைத்தான்.

இப்போது உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் இந்த நாய் என்ன ஆகும்?

மேஜைமேல் கிடந்த ராஜா கண்ணைத் திறக்காமல் வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது.

"நாந்தானுங்க போட்டேன்" என்றான். "என்ற தட்டு நூடுல்ஸை. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம."

பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"போன வாரம் எவ்வளவு வெங்காயம் போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"கால் கிலோங்க" என்றாள் ராமாமணி. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து."

டாக்டர் நாயை மறுபடி தலையிலிருந்து வால்வரை பார்த்தார். அவருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை.

"அப்படீன்னா இது தின்னது பாதிதான். இத்தாம்பெரிய நாய் அதுக்கு இப்படிப் படுத்துப்போகாதுங்க. வேற எங்கியாச்சும் தின்னிருக்கோணும். மறைக்காமச் சொல்லுங்க."

"சத்தியமா ஒரு தட்டுத்தானுங்க டாக்டர்!"

வெளியே யாரோ கட்டிவைத்திருந்த எருமை ஒருமுறை கத்தி ஓய்ந்தது. பக்கத்தில் வளையல் குலுங்கியது.

"ரெண்டு தட்டுங்க" என்றாள் ராமாமணி.

பாலுசாமி திரும்பினான். அவள் காது மடல்வரை சிவந்திருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் போனதுமே என்ற தட்டைச் சமையக்கட்டுப் பொறவாசல்ல வெச்சுப்போடுவனுங்க. எனக்கு அந்தக் கருமம் தொண்டைல எறங்கவே எறங்காது. அன்னைக்கு ஓட்டல்ல நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தீங்க. உங்களுக்கு அதுதான் உசுருன்னு நெனச்சு, கண்ணை மூடிட்டு முழுங்கினேன்."

டாக்டர் ஊசி எடுப்பதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

முதலில் சிரித்தது ராமாமணிதான். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. பாலுசாமி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நடுவில் கிடந்த ராஜா, ஒற்றைக் கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நேரத்துல கொண்டாந்துட்டீங்க, பொழைச்சுக்கும்" என்று ஊசி போட்டார் டாக்டர். ரத்தம் ஊற டானிக் எழுதிக் கொடுத்தார். வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் இனிமேல் அதன் பக்கம் போகக்கூடாது. வெறுஞ்சோறு போதும்.

திரும்பும்போது பொள்ளாச்சி ரோட்டில் நல்ல எதிர்காற்று. பாலுசாமி தலையைப் பாதி திருப்பிச் சத்தமாகக் கேட்டான்:

"அப்ப உனக்கு என்னதான் அம்மணி புடிக்கும்?"

ராஜாவை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். அரிசியும் பருப்பும் சாதம். அதுக்குமேல ஊத்தின நெய். கொள்ளுப் பருப்பு. பச்சைப்பயறு கடைசல். காற்றில் சில காதில் விழவில்லை. அவன் வண்டியை மெதுவாக்கி மறுபடி சொல்லச் சொன்னான்.

தோட்டத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் இன்னும் பலகாரங்களுக்கே வந்திருக்கவில்லை.