பள்ளத்தில் வைத்த பொட்டு

காற்றாலை மின்சாரக் கம்பெனி ஒன்றின் சுவரில், அதன் பத்து வருட இயக்க லாபத்தைக் காட்டும் கோடு ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"என் உயரத்தைப் பார்த்தாயா? சட்டத்தையே முட்டுகிறேன்!" என்றது கோடு.

"ஆறாம் வருஷத்தில் தொப்பென்று விழுந்திருக்கிறாயே?" என்றது காற்றாலை.

"அந்தப் பேச்சை எடுக்காதே. அதைப் பார்த்து எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள்."

"எடுப்பேன். அது என் வருஷம்! ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது எங்கள் பல்சக்கரங்கள் கரகரத்தன. ஓட்டியிருந்தால் அந்த வருஷம் நல்ல லாபம்தான். இன்ஜினியர் மங்கையர்க்கரசி அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. காற்றாலைகள் நாங்கள் நாற்பது பேரையும் நிறுத்திப் பழுது பார்த்தார்."

"என் மானம் போனது."

"அதற்கப்புறம் ஒரு நாளாவது நான் காற்றிருந்தும் நின்று பார்த்திருக்கிறாயா?"



ஆயுத பூஜை வந்தது. மங்கையர்க்கரசி அம்மா இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு அறைக்குள் வந்தார். கோடு தன் உச்சியை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தது. அவர் விரல் உச்சியைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஆறாம் வருஷப் பள்ளத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தது.

இப்போதெல்லாம் அறைக்குள் யார் நுழைந்தாலும் கோடு முந்திக்கொள்கிறது: "மேலே அப்புறம் பார்க்கலாம். முதலில் இங்கே பாருங்கள்!"