இன்சார்ஜ்

கயிற்று ஏணியில் முதலில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அப்புறம் முதுகில் கட்டிய ரெக்சின் பை.

அவன் கை கொடுத்துக் கப்பலுக்குள் தூக்கிவிட்டான்.

"ஆத்தாடி, என்ன உயரம்." வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "எம்பேரு சீனிராசு. கோயில்பட்டிப் பக்கம். இங்க இன்சார்ஜ் யாரு தம்பி?"

"நாந்தான், அண்ணாச்சி."

"அப்ப இனிமே நானா?"

சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

கீழே படகு எஞ்சினை அணைக்கவில்லை. ஆளைக் கூட்டிவந்த ஏஜெண்டு அதிலேயே நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பத்து நிமிஷம்.

சீனிராசு கையெழுத்துப் போட்டால் அவன் இதே படகில் கரைக்குப் போவான். நாளைக்கு விமானம். போடாவிட்டால் படகு சீனிராசுவை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும்.

முதலாளி கைவிட்ட கப்பல். வழக்கு நடக்கிறது. அது முடிகிறவரை கப்பலில் ஒரு ஆளாவது இருந்தாக வேண்டுமாம். அந்த ஆளின் பெயர் ஒரு தாளில் இருக்கும்.

பதினாலு மாசமாக அது அவன் பெயர்.

கேப்டன் இறங்கிப் போன அன்று தாளில் ஒரு வார்த்தைமேல் விரலை வைத்துக் காட்டினார். சார்ஜ். அவன் துரு சுரண்டுகிற ஆள். வேம்பாரில் எட்டாவதோடு நின்றவன். தெரிந்த வார்த்தையாக இருந்ததே பெரிய சந்தோஷம். கையெழுத்துப் போட்டான். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். தெருவே பார்த்ததாம்.

அவனுக்குத் தெரிந்த சார்ஜ் எல்லாம் பஸ் சார்ஜ். போனுக்குச் சார்ஜ். அப்புறம் உப்பள ஸ்டிரைக்கில் அப்பாவின் காலை ஒடித்த லத்தி சார்ஜ்.

ஆறாம் மாசம் அரிசி குறைந்தபோது சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடத்து அகராதியைப் பார்க்கும்படி மகளிடம் சொன்னான். அவள் பாடம் ஒப்பிக்கிற குரலில் வாசித்தாள்.

"பொறுப்பு. கட்டணம். குற்றச்சாட்டு. மின்னேற்றம். பாய்ந்து தாக்குதல். சுமைன்னும் போட்டிருக்குப்பா. உங்களுக்கு எது வேணும்?"

"பொறுப்பையே வச்சுக்க. அம்மாட்டயும் அதையே சொல்லு."

இன்னும் என்னமோ வாசிக்க இருந்தாள். போனில் சார்ஜ் போய்விட்டது.

வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் ஜெனரேட்டர் ஓடும். மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததும், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ஒரே நாளில் தெரிந்தது.

"படுக்கிற இடத்தப் பாப்பமா தம்பி?"

அதற்காகத்தான் மூன்று நாளாக வேலை செய்திருந்தான். மேல்தளத்தைக் கழுவினான். காலி அரிசிச் சாக்குகளைச் சுருட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டான். மழைத்தண்ணி பிடிக்கிற டிரம்மைத் தார்ப்பாய் போட்டு மூடினான். நேற்று, மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை எடுத்துக் கட்டில் பக்கத்துப் பலகைச் சுவரில் அடித்தான்.

இரண்டு கைப் பூச்சு.

சீனிராசு கட்டிலை அமுக்கிப் பார்த்தார்.

"முப்பது வருசம் கொத்தனாரு. ஒரு பய என்ன இன்சார்ஜ்னு சொன்னதில்ல. கம்பெனிக்காரன் மூடிட்டு ஓடிட்டான், விசாவும் முடிஞ்சுபோச்சு. அஞ்சு மாசமாப் பாலத்துக்குக் கீழதான் படுக்க. இது அரமன மாதிரி இருக்கு தம்பி."

அவன் தாளைக் கட்டிலில் விரித்தான். பேனாவை அதன்மேல் வைத்தான்.

"என்ன போட்டிருக்கு இதுல?"

கேப்டனின் விரல் நின்ற இடத்திலேயே அவன் விரலும் போய் நின்றது.

"நீங்க இன்சார்ஜ்னு போட்டிருக்கு. பொறுப்பு."

சீனிராசு தலையாட்டினார். பேனாவை எடுக்கக் குனிந்தவர் இடது கையைச் சுவரில் ஊன்றினார்.

ஊன்றின கை அங்கேயே நின்றது.

பிறகு மெதுவாக இறங்கியது. பக்கவாட்டில் போனது. மறுபடி மேலே ஏறியது. முப்பது வருஷம் பூச்சைத் தடவித் தடவிப் பார்த்த உள்ளங்கை.

வெள்ளைக்கு அடியில் கோடுகள் இருந்தன. ஆணியால் கீறியவை. ஒரு நாளைக்கு ஒரு கோடு.

அவன் தரையைப் பார்த்தான்.

கீழே படகு ஹார்ன் அடித்தது.

"பதினாலு மாசம், அண்ணாச்சி." குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னான். "அந்த வார்த்தைக்குச் சுமைன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. எம்மக படிச்சுச் சொன்னா."

சீனிராசு சுவரிலிருந்து கையை எடுத்தார். கடல் ஈரத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. கை வெள்ளையாக வந்தது. வட்டச் சன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார். பாலம் இங்கிருந்து தெரியாது.

"சோறு?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா படகுல வரும். சில தடவ தள்ளிப் போகும்."

"வரும்ல?"

"வரும்."

மறுபடியும் ஹார்ன்.

சீனிராசு கட்டில் பக்கம் குந்தி உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். முதலில் சீனி. கொஞ்சம் தள்ளி ராசு. தாளின் ஓரத்தில் வெள்ளையாக நாலு விரல் விழுந்தது.

அவன் தாளை எடுத்துக்கொண்டான். தன் பையை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்றான்.

சீனிராசு திரும்பவில்லை. சுவரில் தன் கை பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சப் பெயிண்ட் இருக்கா தம்பி?"

"கொஞ்சம் இருக்கு."

"டப்பாவ இறுக மூடி வச்சுட்டுப் போங்க. அடுத்த ஆளு வர்றதுக்குள்ள காஞ்சிரக் கூடாது."