குட்டைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ்

பாஞ்சாலியின் வலது தோள் மறுபடியும் நீலம் பாய்ந்து கன்றிப் போயிருந்தது. கிணற்றடியில் அதைப் பார்த்துவிட்ட வெள்ளையம்மாளுக்கு அப்புறம் தண்ணீர் சேந்தக் கை ஓடவில்லை.

"இன்னாடி, திரும்பவும் ஆரம்பிச்சிட்டானா உன் ஊட்டுக்காரன்?"

"கதவு இடிச்சிடுச்சிக்கா."

போன மாதம் உரல் இடித்தது. அதற்கு முன்னால் மாட்டுக் கொம்பு. ஒலக்கூரில் வேறு எந்த வீட்டுக் கதவும் உரலும் இப்படிக் குறி பார்த்து வலது தோளிலேயே இடித்ததில்லை.

தாண்டவராயனைப் பற்றித் தெரு எப்போதோ முடிவு கட்டியாகிவிட்டது. பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுத் துரையிடம் குட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து மீசைக்கு ஓய்வு கொடுக்காதவன். ராத்திரியில் மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி வேர்க்கடலையைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்காம். பன்றி விழுந்த மறுநாள் டீக்கடையில் அவன் அளக்கும் கதையைக் கேட்டால், செத்த பன்றியே எழுந்து போய்விடும்.

அவ்வளவு பெரிய வீரன், பொழுது சாய்ந்தால் பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி பின்னால் நடப்பான். பகலில் அடிக்கிறவனுக்கு இருட்டினால் பாசம் பொங்குகிறது என்று தெரு சிரித்தது.

இப்போது துப்பாக்கிக்கே சோதனை வந்திருந்தது. லைசென்சைப் புதுப்பிக்கத் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போன இடத்தில், அதில் ஒரு குழாயைக் கழற்றிவிட்டு வேறொரு குழாயை மாட்டலாம் என்கிற சங்கதி வெளிப்பட்டுவிட்டது. ஒன்றுக்குப் பெரிய தோட்டா, மற்றதற்குச் சின்னது. இரண்டு குழாயுமே வழக்கத்தைவிடக் குட்டை. லைசென்சில் ஏறியிருந்ததோ ஒன்றுதான்.

இரண்டையும் அளந்து எழுதி, ஆள் எப்படிப்பட்டவன் என்று அக்கம்பக்கத்திலும் விசாரித்து அனுப்பச் சொல்லி மேலிருந்து உத்தரவு. விசாரணையில் கெட்ட பெயர் வந்தால் துப்பாக்கி போலீசுக்கு, மல்லாட்டை பன்றிக்கு. அந்த வருஷத்துச் சோறே அந்த மல்லாட்டைதான்.

"பொண்டாட்டிய அடிக்கிற கைக்குத் துப்பாக்கி வேறயா? இன்னிக்குத் தோளு, நாளைக்கு நெஞ்சு!" என்று வெள்ளையம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். போன வாரம் விழுந்த பன்றியின் கறிக்கு இரண்டு தடவை கிண்ணம் நீட்டியவளும் அவள்தான். அது வயிற்று விஷயம், இது நியாயம்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விருத்தாசலம் சைக்கிளில் வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. அவர் குழாய்களை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டார்.

"இத எப்பிடிய்யா மாத்துறது? மாத்திக் காட்டு."

தாண்டவராயன் திருகினான், தட்டினான், முழங்காலில் வைத்து அழுத்தினான். குழாய் அசையவில்லை. மீசையில் வியர்வை சொட்டியது.

"துரு புடிச்சிக்கினு இருக்குதுங்க."

"எண்ணெ போட்டுப் பளபளன்னு வச்சிருக்கு. துரு எங்கய்யா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்காகவே காத்திருந்தவள்போல் வெள்ளையம்மாள் பாஞ்சாலியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள்.

"குழாய உடுங்க சார். இவ தோளப் பாருங்க! மாசத்துக்கு ஒரு தபா இப்பிடித்தான்."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யாரும்மா அடிச்சது? பயப்படாம சொல்லு."

பாஞ்சாலி புருஷனைப் பார்த்தாள். அவன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"நான்தாங்க. கோவத்துல கை நீண்டுடுச்சி."

"கேட்டுக்கினீங்களா?" என்று வெள்ளையம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் காறித் துப்பியது. மரத்தடியில் நின்ற கிழவர்கூடத் தன் பங்குக்குத் துப்பினார்.

"உன்னிய மாதிரி ஆளுக்குக் கவண்கல்லு குடுக்கிறதே தப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். "லைசென்ஸ் கெடையாது. துப்பாக்கிய இப்பவே எடுத்துக்கினு போறேன்." பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பாஞ்சாலி குனிந்து துப்பாக்கியை எடுத்தாள்.

"வேணாம் பாஞ்சாலி!" தாண்டவராயன் அலறினான். "லைசென்சு எம் பேர்லதான் இருக்குது, உன்னியப் புடிச்சி உள்ள வச்சிடுவாங்க!"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முருங்கைக்காய் ஒடிப்பதுபோல் ஒரு குழாயைக் கழற்றினாள். மற்றதைப் பொருத்தி ஒரு திருகு திருகினாள். பிறகு துப்பாக்கியைத் தூக்கி அதன் பின்கட்டையை வலது தோளில் பதித்தாள். கன்றிய இடம் மொத்தமும் அந்தக் கட்டைக்கு அடியில் மறைந்துபோனது.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"பொழுது சாஞ்சா இவருக்குக் கண்ணு தெரியாதுங்க சார். என் பேரையும் சேத்து எழுதிக்குங்க," என்றவள், வெள்ளையம்மாள் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் ரெண்டு தபா கிண்ணத்த நீட்டினியேக்கா, அந்தக் கறிக்கு இந்தத் துப்பாக்கிகிட்ட நான் வாங்கின ஒதைதான் இது."