ஒப்பந்த நாள் சவரம்

அண்டை நாடுகளான இரு பேரரசுகள் ஆண்டுதோறும் நட்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில், ஒரு மன்னருக்கு மற்றவருடைய நாவிதர் சவரம் செய்வது வழக்கம். கழுத்தையே கத்திக்குக் கொடுப்பதைவிடப் பெரிய நம்பிக்கை இல்லையல்லவா? ஆயினும், நாவிதர் ஒவ்வொருவரின் பிடரியையும் ஒரு காவலனின் வாள்முனை தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு துளி இரத்தம் தெரிந்தாலும் நாவிதரின் தலை உருளும், ஒப்பந்தமும் முறியும்.

இவ்வாண்டு நாவிதர் காளத்தியின் முறை. நடுவே தொங்கிய திரைக்கு அப்பால் அவருடைய மன்னர் அயல்நாட்டு நாவிதரிடம் கன்னத்தைக் கொடுத்திருந்தார். இப்பால், அயல்நாட்டு மன்னரின் தாடையில் கத்தியை இறக்கிய காளத்திக்குப் பிடரியில் வாள் உறுத்தியது. கை சற்றே பிசகியது. நுரையில் சிவப்பு ஊறியது. மன்னரின் தோள் துணுக்குற்றது.

"என்னாச்சு, மகாராஜா?" என்றான் காவலன்.

மன்னர் தாடையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "ஒண்ணுமில்லப்பா, தண்ணி ஜில்லுன்னு இருக்கு. நீ வாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடி." பிறகு காளத்தியிடம் தணிந்த குரலில், "புள்ளகுட்டி இருக்கா?" என்றார்.

"இருக்குதுங்க, சாமி."

"அப்ப முதல்ல மூச்சு விடு."

காளத்திக்குக் கண் நிறைந்தது. மன்னர் இரங்கினாரா, அஞ்சினாரா என்று அவர் ஆராயவில்லை.

திரை விலகியது. கையொப்பமிட எழுந்துவந்த காளத்தியின் மன்னரும் இடக்கையால் தாடையைப் பொத்தியிருந்தார். அவருக்குப் பின்னால் அயல்நாட்டு நாவிதர் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவரை கடமைக்காகவே வணங்கிவந்த தம் மன்னரைக் காளத்தி மனமாரக் கைகூப்பி வணங்கினார்.