எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது

“மறுபடியும் செய்” என்றார் புரொஃபசர் ஹார்ட்முட்.

மரைக்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ரெண்டு தடவை செஞ்சாச்சு, புரொஃபசர். ரெண்டு தடவையும் ஒரே முடிவுதான்.”

“மூணாவது தடவையும் வரட்டும். இந்த முறை தட்டுகளைக் கலைச்சு நம்பர் ஒட்டறது நான்.”

மூளை செல்லின் நடுவில்தான் புரதம் தயாராகிறது, கிளைகள் அதை வாங்கித் தின்பதோடு சரி. இதைச் சொல்லித்தான் ஹார்ட்முட் பெரிய ஆளானார். கிளைகள் தாங்களே தயாரிக்கின்றன என்பது மரைக்கேயின் கட்சி. ஐந்து வருஷமாக அதே பிடிவாதம். இந்த மாதத்தோடு அவள் வேலை முடிகிறது. முடிவை அவர் ஏற்றால்தான் நீட்டிப்பு.

பக்கத்து மேஜை டில்மன் காபியை உறிஞ்சினான்.

“பெரியவர் தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்குவாரா? தட்டையெல்லாம் மாத்தி வெச்சு உன்னை முட்டாளாக்கப் போறார், பாரு.”

“நான் பார்த்துக்கறேன்.”

செல்லிலிருந்து தனியே பிரித்தெடுத்த கிளைகள். பாதித் தட்டுகளில் புரதத்தை நிறுத்தும் மருந்து விட்டாள், மீதியில் வெறும் உப்புநீர். எது எதுவென்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும்.

ஹார்ட்முட் தட்டுகளை உள்ளே கொண்டுபோய், அவள் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டு அழித்து, கலைத்து, நம்பர் ஒட்டித் தந்தார். மரைக்கே மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். புதுப் புரதம் உண்டான இடத்தில் மின்னும் புள்ளிகளை எண்ணி நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது.

எந்த நம்பர் எந்தத் தட்டு என்று ஹார்ட்முட் ஒவ்வொன்றாகச் சொன்னார். மருந்து விட்டதில் புள்ளியே இல்லை. உப்புநீர் விட்டதில் கிளை முழுக்கப் புள்ளி. ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

அவர் எழுந்து கைகொடுத்தார்.

“சும்மா ஒத்துக்கிட்டிருந்தா, கிழவன் இரக்கப்பட்டுட்டான்னு உன்னைத்தான் கிழிப்பாங்க. இப்ப கலைச்சது நான், எண்ணினது நீ. எவன் வாயைத் திறப்பான்? நான் சொன்னது தப்புன்னு ஃப்ராங்க்ஃபர்ட் கூட்டத்துல நானே சொல்றேன். உன் நீட்டிப்புக்கு இன்னைக்கே கையெழுத்து!”

டில்மன் வெட்கத்தோடு கைதட்டினான். மரைக்கே அவர் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

“கூட்டத்துல சொல்லாதீங்க, புரொஃபசர். கையெழுத்தும் வேண்டாம். நாலாவது தடவை செய்யணும்.”

“ஏன்மா?”

“நீங்க மாத்திடுவீங்கன்னு பயந்து, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில எது எதுன்னு ஊசியால கீறி வெச்சுட்டுத்தான் உங்க கையில கொடுத்தேன்.”