நூறு நாள் முடி

அந்தத் தலை மட்டும் வழவழவென்று இருந்தது.

சோதனை அதிகாரி அதன் முன் நின்றார்.

முற்றத்தில் மண்டியிட்டிருந்த மற்ற அதிகாரிகளின் முன்மண்டையில் விரற்கடை அளவுக்கு முடி முளைத்திருந்தது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் சட்டப்படி சரி.

மகாராணி இறந்திருந்தாள்.

நம் ஊரில் சாவுக்கு மொட்டை போடுவார்கள். மஞ்சு அரசர்கள் ஆண்ட சீனத்தில் எல்லாம் நேர்மாறு. அங்கே ஆண்பிள்ளைகள் எப்போதும் முன்மண்டையைச் சிரைத்துப் பின்னால் சடை போட்டிருப்பார்கள். அரண்மனையில் சாவு விழுந்தால் நூறு நாள் தலையில் கத்தி படக்கூடாது. பட்டால் கழுத்திலும் படும்.

யார் தலையிலாவது பட்டிருக்கிறதா என்று பார்த்துவரத்தான் தலைநகரத்திலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள்.

அவர் மஞ்சு. குதிரையேறவும் வில் வளைக்கவும் பிறந்த குலத்தில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தவர். சீன எழுத்தில் தேர்வெழுதப் போகிறேன் என்றபோது சொந்தச் சித்தப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சித்தப்பா கடைசிவரை எல்லைக் காவலில் குளிரில் நடுங்கினார். இவர் ஒவ்வொரு படியாக ஏறினார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் பேரில் ஒரு கரும்புள்ளி விழுந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

வழவழத் தலைக்காரர் இந்த மாவட்டத்தின் அதிகாரி. தாவ் யுன்லி என்று பெயர். சீனர்.

தாவ் யுன்லியின் கொள்ளுத்தாத்தா காலத்தில்தான் மஞ்சுக்கள் வடக்கிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தார்கள். சிரைத்துக்கொள், இல்லையேல் தலை இருக்காது என்றார்கள். மாட்டோம் என்ற ஊர்களில் தலைகள் உருண்டன. மிஞ்சியவர்கள் பழகிக்கொண்டார்கள். இப்போது சிரைத்ததற்குத் தலை கேட்கிறது அதே அரசு.

"ஏன்?" என்று கேட்டார் சோதனை அதிகாரி.

"பழக்கம் ஐயா. காலையில நாவிதன் வெந்நீரோட வந்தான். ஏதோ யோசனையில உட்கார்ந்துட்டேன். பாதியிலதான் ஞாபகம் வந்தது. பாதித் தலையோட எப்படி இருக்கிறதுன்னு மீதியையும் எடுக்கச் சொல்லிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே வரும் வழியில், படகில், அவருடைய நாவிதனும் வெந்நீரோடு வந்தான். அவர் வழக்குத்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைக் கொடுத்தார். தொட்டில் பழக்கம். ஒரே ஒரு இழுப்பு. பிறகு இருவருக்கும் மூச்சு நின்றது.

அவர் மீதியை எடுக்கச் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துவரச் சொன்னார்.

நாவிதனை அடுத்த துறையிலேயே இறக்கி, ஊருக்குப் போ என்றார். தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தத் தொப்பி தலையை விட்டு இறங்கவில்லை. தூங்கும்போதுகூட.

சோதனைக்கு வந்தவரிடம், நீங்களும் தொப்பியைக் கழற்றுங்கள் என்று எவன் கேட்பான்?

தாவ் யுன்லியின் தொப்பி அவர் மடியில் இருந்தது. கைகள் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன.

இவரை விட்டுவிடலாம். ஒன்றும் பார்க்காதவர்போல் அடுத்த தலைக்கு நகர்ந்துவிடலாம். ஆனால் முற்றம் முழுக்கப் பார்த்துவிட்டது. யாராவது ஒருவர் தலைநகரத்துக்குச் சொல்வார். ஏன் விட்டீர் என்று கேட்க இன்னொருவர் வருவார். வருகிறவர் முதலில் விட்டவரின் தொப்பியைத்தான் கழற்றச் சொல்வார்.

பாவம் என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது. பயம் முந்திக்கொண்டது.

"எழுது" என்றார், பின்னால் நின்ற எழுத்தரிடம்.

குரல் நன்றாகவே வந்தது. உத்தியோகம் பழக்கிய குரல்.

தாவ் யுன்லி மடியிலிருந்த தொப்பியைத் தரையில் வைத்தார். கோணலாக இருந்ததோ என்னவோ, ஒருமுறை நேராக்கினார். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் கொஞ்சம் விலகிக்கொண்டார்.

மீதித் தலைகளில் குறை ஒன்றும் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. தொப்பிக்குள் வியர்வை வழிந்தது. கத்தி போன இடத்தில் மட்டும் எரிந்தது.

எழுத்தர் தூரிகையை மையில் தோய்த்தார். நல்ல உழைப்பாளி. எதையும் கேட்காமல் எழுதமாட்டார்.

"கடைசி வரி பாக்கி இருக்குங்க ஐயா. 'இந்த முற்றத்தில் இருந்த எல்லாத் தலையையும் என் கண்ணால் பார்த்தேன்'னு எழுதணும். எப்பவும் எழுதறதுதான். எழுதிடட்டுமா? எழுதினா நீங்க முத்திரை வெச்சிடலாம்."

முற்றத்தில் யாரும் இருமவில்லை.

தாவ் யுன்லி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தொப்பிக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

முத்திரை இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

சோதனை அதிகாரியின் கை மேலே போனது. மோவாய்க்குக் கீழே தொப்பி நாடாவின் முடிச்சு தட்டுப்பட்டது.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.