மாத்திரை தொடாத மனிதர்

டாக்டர் மாத்திரை அட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாள் விடவில்லை. எழுபது வயதுக் கைக்கு இவ்வளவு பலமா என்று டாக்டருக்கே ஆச்சரியம்.

"விடுடி! டாக்டர் கேக்குறார்ல?" பக்கத்தில் இருந்த கணவர் அதட்டினார். "பன்னண்டு வருஷமா இந்தத் தூக்க மாத்திரைதான் இவளுக்கு உசுரு. இன்னிக்கு ஒரு முடிவு கட்டுங்க டாக்டர்."

கணவர் கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் இருநூறு பேரை மேய்த்தார். இப்போது மேய்க்க மனைவி ஒருத்திதான் மிச்சம். இருநூறு பேருக்கான அதட்டலும் அவளுக்கே வந்து சேர்ந்தது.

டாக்டரும் சளைத்தவரல்ல. வயதானவர்களின் மருந்தைக் குறைப்பதற்கென்றே வியாழக்கிழமைதோறும் உட்கார்கிறார். வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்வார். மேஜையில் கொட்டிப் பாதியைக் குப்பைக்கூடைக்கு அனுப்புவார். கிழங்கள் எல்லாமே பழக்கத்துக்கு அடிமை என்பது படித்த அந்த மேதையின் தீர்மானம்.

"என்னைப் பாருங்க, எழுபத்தாறு ஆச்சு. இதுவரைக்கும் ஒரு மாத்திரை உள்ள போனதில்ல." மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "காலையில டீயைக் குடிச்சிட்டுப் பேப்பரை விரிச்சாப் போதும், அப்படியே சொக்கும். மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத் தூக்கம் தானா வரும். இவளுக்கு மனசு சரியில்ல, அதான் மருந்து கேக்குது."

டாக்டர் அந்த அம்மாளை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிசகாமல் நடந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடகடவென்று கழித்து இரண்டில் வந்து நின்று, "இன்னும் கழிக்கணுமா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடம் மாத்திரை போட்டும் தள்ளாட்டம் இல்லை, மறதி இல்லை. டாக்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஏதோ அதிர்ஷ்டம். நாளைக்கே கால் தடுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சா யாரு பாக்குறது? இனிமே இது வேண்டாம்."

"நிறுத்திடாதீங்க டாக்டர்." முதல்முறையாக அவள் கெஞ்சினாள். "இது இருக்கிறதாலதான் தினமும் ரெண்டு மூணு மணி நேரமாவது நிம்மதியா இருக்கேன். ஒரு பாட்டு கேக்குறேன். பக்கத்து வீட்டம்மாகூட நாலு வார்த்தை பேசுறேன். இதையும் பறிச்சிட்டீங்கன்னா அந்த வீட்டுல என்னால இருக்கவே முடியாது."

"பாத்தீங்களா, எப்படிப் பெனாத்துறா!" மேலாளர் சிரித்தார். வெட்கமே இல்லாமல் டாக்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு யாராவது பாட்டுக் கேட்பார்களா என்று அந்த இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால்தானே தோன்றும்.

டாக்டர் பழைய மருந்துச் சீட்டில் அந்த மாத்திரையின் பெயரை அழுத்தி அடித்தார். கடையில் இனிக் கொடுக்கக் கூடாது என்று பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்து நிமிர்வதற்குள் மேலாளரின் தலை தொங்கிவிட்டது. வாய் திறந்து, குறட்டையும் வந்தது.

"அவரைப் பாத்துக் கத்துக்குங்கம்மா," என்றார் டாக்டர். "ஒரு மாத்திரை கிடையாது, என்னமாத் தூங்குறாரு!"

அவள் கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அந்தத் தூக்கமே நான் டீயில கலக்குறதுதான் டாக்டர்."